குடிச்சதும் ஏதாவது பேசுங்க

எங்கள் ஊர் மருந்துக்கடையில், போதையை விடுவதற்குத் தருகிற மெதடோன் மருந்தைக் குடிக்க வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. குடித்ததும் வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்ட முடியாது. மருந்தாளர் முன்னால் நின்று ஏதாவது பேசிக் காட்டவேண்டும். சிலர் மருந்தை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய், வெளியே துப்பி விற்றுவிடுகிறார்களாம். இன்னொருத்தன் வாயிலிருந்து வந்ததை வாங்கிக் குடிக்கிற அளவுக்குப் போனவர்களும் இந்த பிரோக்கன் ஹில்லில் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போனதில்லை. அதற்கு முந்தின தெருவரை போயிருக்கிறேன்.

என் பெயர் நரெல். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஆண்கள் கூட்டத்துக்குப் பண்ணை பண்ணையாகப் போய்ச் சமைத்துப் போட்டவள். ஒருநாள் குழம்புச் சட்டியோடு சமையல் வண்டிப் படியில் வழுக்கி விழுந்தேன். முதுகுக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். முதுகு ஒருமாதிரி தேறிக்கொண்டது, மாத்திரைதான் என்னை விடவில்லை. டாக்டர் தருவதை நிறுத்தியதும் தெருவில் வாங்கினேன். மாத்திரை கிடைக்காதபோது வேறு எது கிடைத்ததோ அதை வாங்கினேன். புருஷன் விட்டுவிட்டுப் போனான். மகள் கீலியை என் அக்கா வளர்த்தாள். கடைசியில் ஒரு டாக்டர் மெதடோனில் போட்டுவிட்டார். தினம் ஒரு வாய். அது இருந்தால் உடம்பு கேட்டு அலையாது, மனுஷியாக வேலைக்குப் போகலாம். ஆறு வருஷமாக அப்படித்தான் போகிறேன், ஒரு கிளப்பின் சமையலறைக்கு.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்லாமல் எனக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. கத்தரிப்புக் கூட்டத்தில் சமையல்காரி புலம்பாமல் இருந்தால் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பாட்டைத் திட்டுவார்கள், நான் அவர்களைத் திட்டுவேன், அதுதான் எங்களுக்குக் காலை வணக்கம். அந்தப் பழக்கத்தைக் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு வம்பும்.

ஏப்ரல் மாதம் கீலி அடிலெய்டிலிருந்து போன் பண்ணினாள். அங்கே ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். பிரோடி என்று ஒருத்தனோடு வீடெடுத்து இருக்கிறாள். நல்ல பையன், ஆனால் காரைத் தவிர வேறெதையும் பற்றிப் பேச மாட்டான்.

"அம்மா, குழந்தை செப்டம்பர்ல பொறக்கும். நீ வந்து கூட இருந்தா நல்லாருக்கும்."

என் மகள் என்னைக் கூப்பிடுகிறாள்!

"ஆனா அந்த மெதடோனை முழுசா விட்டுட்டு வா."

"அது மருந்துடி. நான் என்ன சாராயமா குடிக்கறேன்?"

"தெரியும்மா. பிரோடியோட சொந்தக்காரங்க வீட்ல ரெண்டு வயசுக் குழந்தை, ஃப்ரிட்ஜ்ல இருந்த பாட்டிலை ஜூஸுனு நினைச்சுக் குடிச்சிருச்சு. பொழைச்சதே பெரிசு. என்னால அந்தப் பயத்தோட இருக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மருந்துக்கடை திறப்பதில்லை. அன்றைய பங்கைப் பாட்டிலில் கையோடு கொடுத்துவிடுவார்கள். என் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அந்தப் பாட்டில் இருந்தது, வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால்.

டாக்டர் ஹாஸ்கின் வெளியூர்க்காரர். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் திரையில் முகம் காட்டுவார். இதற்குமுன் இரண்டு தடவை அவர் எனக்கு மருந்தைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் எண் இறங்க இறங்க எனக்கு உள்ளுக்குள் கிலி பிடித்துக்கொள்ளும். இருபது என்று காதில் விழுந்த அன்றே கால் குடையும், வயிறு கலங்கும். திரும்ப ஏற்றிக்கொண்டுதான் அடங்குவேன். அதனால் இந்தத் தடவை அவர் வேறொரு வழி சொன்னார்.

"கண்ணைக் கட்டிக் குறைக்கலாம் நரெல். கோப்பையில அளவு எப்பவும் ஒண்ணாவே இருக்கும். உள்ள மருந்து குறையக் குறைய, மருந்துக்கடை ஹானி அதுல தண்ணியும் ஆரஞ்சு சாறும் ஊத்தி நிரப்பிடுவாரு. எவ்வளவு குடிக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. உடம்பு தாங்கலைன்னா அங்கயே நிறுத்தி வெச்சு, தேறினதும் மறுபடி குறைப்போம்."

"நிறுத்தினாலும் எங்கிட்ட மூச்சு விடக்கூடாது. நான் கால்ல விழுந்து கேட்டாலும் சொல்லக்கூடாது," என்றேன். அந்தப் பெருமையும் என்னுடையதுதான், நானாகக் கேட்டு வாங்கினேன். தொடங்கியபோது அறுபது மில்லிகிராம். எல்லாம் ஒழுங்காகப் போனால் குழந்தை பிறப்பதற்குள் பூஜ்யம்.

ஹானி எங்கள் மருந்தாளர். எகிப்திலிருந்து சின்ன வயதில் வந்தவன், என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை, பார்த்தாலே எரிச்சல் வரும். காலையில் கிளப்பில் வெங்காயம் நறுக்கி, இறைச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடிவருவேன். கடையில் ஆள் குறைகிறவரை ஷாம்பூ அலமாரி பக்கம் நிற்கவேண்டும். அப்புறம் கூப்பிடுவான். குடிப்பேன்.

"ஏதாவது பேசுங்க, நரெல்."

"என்னத்தப் பேச? முதுகு முறிஞ்சு போச்சு. பொட்டுத் தூக்கம் இல்ல. நீ வேற வாசக்கதவைத் தெறந்து போட்டுருக்க, குளிர்ல கை ரோமமெல்லாம் நிக்குது பாரு."

"அய்யோ பாவம்," என்பான். முகத்தில் அவ்வளவு கவலை.

மறுநாள் இன்னொன்று. கண்ணெரிச்சல், மூக்கொழுகல், கொட்டாவி, கிளப்பு மானேஜர், ஆட்டுக்கறி விலை. ஹானி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். ஒரு மனுஷன் நம் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறானே என்று எனக்கும் உற்சாகம் கூடிப்போய், வரும் வழியிலேயே அன்றைக்கு எதைப் புலம்பலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். டாக்டரிடமும் அதே கதைதான். தூக்கம் எப்படி என்று கேட்பார். "அப்படி ஒண்ணு இருக்கா என்ன?" என்பேன்.

ஜூலையில் நிஜமாகவே கஷ்டப்பட்டேன். இப்போது பத்துக்குக் கீழே வந்திருக்கும் என்று மனதில் ஒரு கணக்கு. படுத்தால் கால் ஒரு இடத்தில் நிற்காது. போர்வையை உதறி, மறுபடி போர்த்தி, எழுந்து நடந்து... என்ன வந்தாலும் தாங்குவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆகஸ்டில் அதெல்லாம் அடங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என்மேல் எனக்கே மரியாதை வந்தது.

கீலிக்குப் போன் பண்ணி, "கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லடி இப்ப. வெறும் ஆரஞ்சுத் தண்ணிதான் குடிக்கறேன்," என்றேன்.

"சரிம்மா," என்றாள். அவ்வளவுதான். இவளுக்கு மருந்து விடுகிற அருமை எங்கே தெரியப்போகிறது என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

செப்டம்பர் பிறந்ததும் டாக்டர் ஹாஸ்கினிடம் கேட்டேன். "போதும் டாக்டர், கண்கட்டை அவுத்துடுங்க. எம்பொண்ணுகிட்ட எண்ணைச் சொல்லணும். இப்ப எத்தனை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைத் துடைத்தால் நல்லது எதுவும் வராது.

"ஐம்பத்திரண்டு."

திரையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் ஐம்பத்திரண்டு.

"ரெண்டே தடவைதான் குறைக்க முடிஞ்சுது நரெல். உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சே. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, வேர்வை, கொட்டாவி, புல்லரிப்பு, தூக்கமின்மை. எல்லாமே மருந்து பத்தாததுக்கு அடையாளம். ஹானி வாராவாரம் கூப்பிட்டுச் சொல்லுவாரு. எங்கிட்டயும் நீங்க அதையேதானே சொன்னீங்க?"

நான் நேராகக் கடைக்குப் போனேன். ஷாம்பூ அலமாரி பக்கமெல்லாம் நிற்கவில்லை. இருமல் மருந்து வாங்க நின்ற நாலு பேரைத் தாண்டிப் போய் மேஜையைத் தட்டினேன்.

"ஏண்டா, உனக்கு அறிவிருக்கா? வெங்காயம் நறுக்கினவ கண்ணுல தண்ணி வராம தேனா வரும்?"

ஹானிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெங்காயம்னு நீங்க சொல்லலையே..."

"எம்மேல வாடை வரல?"

"எனக்கு சைனஸுங்க."

"வேர்வை அடுப்படியில வந்தது! முதுகு பதினோரு வருஷமா வலிக்குது! தூக்கம் கெட்டது பக்கத்து வீட்டு நாயால! கதவைத் தெறந்து போட்டுட்டு நீதானடா எனக்குப் புல்லரிக்க வெச்ச!"

"அப்ப அதையெல்லாம் எதுக்குங்க எங்கிட்டச் சொன்னீங்க?"

"நீதானடா பேசச் சொன்ன!"

இருமல் மருந்து வாங்க வந்தவர்கள்கூட இருமவில்லை. ஹானி மெல்லச் சொன்னான்: "இன்னிக்கு வெயில் நல்லா இருக்குன்னு ஒருநாள் சொல்லிருந்தீங்கன்னாகூட நான் டாக்டர்கிட்ட அதைச் சொல்லிருப்பேன், நரெல்."

வெயில் நல்லா இருக்காம்! இந்த ஊரில் யாராவது வெயிலைப் பாராட்டுவார்களா?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது கோபமெல்லாம் என் பக்கம் திரும்பியது. அப்படியானால் ஜூலையில் நான் பட்ட பாடு? போர்வையை உதறியதும் நடந்ததும் பல்லைக் கடித்ததும்? ஐம்பத்திரண்டு மில்லிகிராம் வயிற்றில் வைத்துக்கொண்டு, பத்துதான் இருக்கிறது என்று நானே நினைத்து, அந்த நினைப்புக்கே கால் குடைந்திருக்கிறது. யாரைத் திட்டுவது? குழந்தை பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. கீலியிடம் வெறும் ஆரஞ்சுத் தண்ணி என்று சொல்லியாகிவிட்டது. இப்போது போய் ஐம்பத்திரண்டு என்றால், எங்கம்மா இன்னும் அதே பொய்க்காரிதான் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவு இன்னொரு தடவை திறக்காது.

அதனால் ஒரு முட்டாள் முடிவெடுத்தேன். கடைக்கே போகாமல் இருந்துவிடுவது. ஒரே குதி, ஐம்பத்திரண்டிலிருந்து பூஜ்யம்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா, இவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் உடம்பு தன் வேலையைக் காட்டியது. எலும்புக்குள் யாரோ சுரண்டுவதுபோல் இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் போனது. கண்ணில் ஒழுகிய தண்ணீருக்கு அன்றைக்கு வெங்காயம் காரணமில்லை. அதோடு கிளப்புக்குப் போய் முட்டைக்கோசை வெட்டிக்கொண்டு நின்றேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானத்துக்குமேல் தாங்க முடியாமல், முன்பு தெருவில் எனக்கு மாத்திரை விற்ற ஒருத்தனுக்குச் செய்தி அனுப்பினேன். ஆறு வருஷமாகக் கூப்பிடாத எண். போனிலிருந்து அழித்திருந்தேன், விரலிலிருந்து அழியவில்லை. ஆறு மணிக்குப் பின்வாசலுக்கு வருகிறேன் என்று பதில் போட்டான்.

ஐந்தரைக்குப் பின்வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. அவன்தான் சீக்கிரம் வந்துவிட்டான் என்று ஓடினேன். ஹானி நின்றுகொண்டிருந்தான், கடைச் சட்டையோடு.

"ரெண்டு நாளா வரலையே. போன் பண்ணினேன், எடுக்கல."

ஏப்ரன் முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவன் என்னையே பார்த்தான். "இத்தனை மாசத்துல உங்க வாயிலேர்ந்து இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. அதான் பயமா இருக்கு."

"போடா உன் வேலையப் பாத்துக்கிட்டு."

"போறேன். ஒண்ணு மட்டும் கேளுங்க. மெதடோனை விட்டுட்டு வெளிய எதையாவது வாங்கிப் போட்டீங்கன்னா, அதுல என்ன கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. குழந்தையப் பாக்க நீங்க இருக்க மாட்டீங்க. டாக்டர்கிட்டப் பேசிட்டேன், இன்னிக்கே வந்தா அதே அளவைத் தரச் சொல்லிட்டாங்க. கடைய மூடாம வெச்சிருக்கேன்."

அவனுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணியில் வரப்போகிற ஆளை ஹானிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காத்திருக்கலாம், இவனைத் திட்டி அனுப்பிவிடலாம், என் வாய்க்கு அது பெரிய காரியமே இல்லை. ஆனால் குழந்தையைப் பார்க்க நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று சொன்னானே, அது காதைவிட்டுப் போகவில்லை. ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு அவனோடு காரில் ஏறினேன். போகும் வழியெல்லாம் அவன் கார் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டே போனேன். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதற்கும் எரிச்சல் வந்தது.

குடித்து, உடம்பு கொஞ்சம் அடங்கியபிறகு ஹானி சொன்னான். "அடிலெய்டுக்கு நீங்க போகலாம் நரெல். அது வேற மாநிலம், கொஞ்சம் இழுபறி, ஆனா டாக்டரும் நானும் பேசி ஏற்பாடு பண்ணிடறோம். அங்க வாரம் பூரா தெறந்திருக்கற கடை இருக்கு. தினமும் போய்க் குடிச்சுக்கலாம், பாட்டிலே கைக்கு வராது. கீலிகிட்டச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

இதை ஏப்ரலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. ஏப்ரலில் நான் யாரையும் கேட்கவில்லை, பூஜ்யம் பூஜ்யம் என்று குதித்தது நான்தான்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அதே யோசனை. கீலியிடம் சொல்லவே வேண்டாம். காலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போய்க் குடித்துவிட்டு, வரும்போது ரொட்டியும் பாலும் வாங்கிவந்தால் முடிந்தது. அந்தப் பொய், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் கச்சிதமாக இருந்தது. இதில் எனக்குக் கை தேர்ந்த பழக்கம். அதுதான் சலித்துப்போய்விட்டது. அந்தக் குழந்தையைத் தூக்கும்போதெல்லாம், காலையில் என்ன காரணம் சொன்னோம், நாளைக்கு என்ன சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தூக்கவேண்டும். ச்சை!

மறுநாள் மத்தியானம் கிளப்புக்குப் பின்னால் காலி பீர் பீப்பாய் மேல் உட்கார்ந்து போன் போட்டேன்.

"கீலி, ஐம்பத்திரண்டு."

"என்னம்மா ஐம்பத்திரண்டு?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம், சைனஸ், கடையில் போட்ட சண்டை, இரண்டு நாள் போகாமல் இருந்தது, ஆறு மணிக்கு வரச்சொன்ன ஆள்வரை. கடைசியில் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

"இருக்கியாடி?"

"இத்தனை மாசத்துல எட்டு குறைச்சிருக்க." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "எட்டு!"

"நீயும் ஆரம்பிக்காத."

"அம்மா, ஒண்ணு சொல்லவா? போன மாசம் வெறும் ஆரஞ்சுத் தண்ணின்னு சொன்னியே, நான் நம்பல. உனக்குன்னு வெச்சிருந்த ரூமைப் பிரோடி அம்மாவுக்குக் குடுத்துட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அது நெசம்னு நெனச்சுத்தாண்டி சொன்னேன்! என் வாழ்க்கையில உங்கிட்டப் பொய் கலக்காம சொன்னது அது ஒண்ணுதான்!"

"தெரியுது. இப்பத் தெரியுது."

"இப்ப மட்டும் எப்படி நம்பற?"

"ஐம்பத்திரண்டுன்னு யாராவது பொய் சொல்லுவாங்களா?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "பிரோடி அம்மாவ ஹால்ல படுக்கச் சொல்லிக்கறேன். பஸ் எப்ப வரும்னு சொல்லு, நானே வந்து நிக்கறேன். தினமும் அந்தக் கடைக்கு ரெண்டு பேருமாப் போவோம், எனக்கும் நடக்கச் சொல்லிருக்காங்க."

"வயித்தைத் தள்ளிக்கிட்டு நீ எதுக்குடி வந்து நிக்கற? நான் வரமாட்டனா?"

"அம்மா, நீ போனை வெச்சதும் நான் எப்பவும் என்ன பண்ணுவேன் தெரியுமா? பெரியம்மாவைக் கூப்பிட்டு, அம்மா சொன்னது நெசமான்னு கேப்பேன். சின்ன வயசுலேர்ந்து. இன்னிக்குக் கூப்பிடப் போறதில்ல."